இலையைப் பார்த்து ரோஜா வாங்குங்கள்: கோலாலம்பூர், பினாங்கு வீட்டுத் தோட்டத்துக்கு முழுமையான வழிகாட்டி

கேமரன் மலையிலிருந்து வாங்கி வந்த ரோஜாச் செடி கோலாலம்பூர் வீட்டு வாசலில் முதல் மாதம் பூத்துக் குலுங்கும். பிறகு அடி இலைகளில் கறுப்புப் புள்ளி விழும், இலை மஞ்சளாகி உதிரும், நாலாவது மாதம் முள்ளும் குச்சியுமாக நிற்கும். வளர்த்தவர் தமக்குக் கைராசி இல்லை என்று விட்டுவிடுவார். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் வளர்ந்த செடியைத் தாழ்நிலத்துப் புழுக்கத்தில் வைத்தால் பெரும்பாலான ரகங்களுக்கு இதுதான் நடக்கும். ஆனால் இந்த வெயிலையும் மழையையும் தாங்கும் ரோஜாக்கள் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் பிடித்தால் மருந்து தெளிக்கும் வேலை பாதிக்கு மேல் குறைந்துவிடும், ஆண்டு முழுவதும் பூவும் கிடைக்கும்.

தேர்வு செய்யும் வரிசை இதுதான்: முதலில் இலை, அடுத்து வாசம், கடைசியில் நிறம். நர்சரிக்குப் போகிறவர்கள் நிறத்தில் தொடங்குகிறார்கள். செடி சாவதற்கு அதுவே முதல் காரணம்.

நம் வானிலை ரோஜாவை என்ன செய்கிறது

கோலாலம்பூரில் இரவு 23, 24 டிகிரி, பகல் 32, 33 டிகிரி. பகல் நேரம் எல்லா மாதமும் ஏறக்குறைய 12 மணி. ரோஜாவுக்கு இங்கே ஓய்வுக் காலம் கிடையாது. துளிர்ப்பதும் பூப்பதும் நிற்காமல் நடக்கும், உரமும் தண்ணீரும் நிற்காமல் தேவைப்படும். வெயில் அதிகமானால் மொட்டு அவசரமாக விரியும். பூ சிறுக்கும், இதழ் குறையும், நிறம் வெளுக்கும். குளிர்நாட்டுப் படத்தில் உள்ளங்கை அளவு தெரியும் பூ இங்கே அதில் முக்கால் அளவுதான் வரும். இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

மழைதான் பெரிய சோதனை. கோலாலம்பூரில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கூடும். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறண்டு, செப்டம்பர், அக்டோபரில் கொட்டும். கரும்புள்ளி நோயைக் கொண்டுவரும் பூஞ்சையின் வித்து இலையில் ஒட்டி உள்ளே நுழைய, இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு அடிக்கும் இடிமழையில் நனைந்த இலை மறுநாள் காலை எட்டு மணி வரை காயாது. பூஞ்சைக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு நேரம் அதற்குக் கிடைத்துவிடுகிறது. மறுநாள் மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போது, உதிர்ந்த இலையில் உள்ள வித்து அடி இலைக்கு ஏறுகிறது. அதனால்தான் நோய் பெரும்பாலும் கீழிருந்து மேலே போகிறது.

சாம்பல் நோய் என்னும் வெள்ளைப் பூஞ்சை தாழ்நிலத்தில் அவ்வளவு தொல்லை தராது. அது மலைப்பகுதிப் பிரச்சினை. ஆகவே இங்கே "நோய் தாங்கும் ரோஜா" என்றால் முதலாவதாகக் கரும்புள்ளியைத் தாங்கும் ரோஜா என்றே பொருள்.

படி 1: செடிக்கு முன் இடத்தைப் பாருங்கள்

ஒரு விடுமுறை நாளில் காலை 8, 10, 12, மதியம் 2, 4 மணிக்கு வாசலில் வெயில் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரோஜாவுக்குக் குறைந்தது ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். நாலு மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் பெரும்பூ ரோஜாவை மறந்துவிட்டு, சிறுபூக் கொத்து ரோஜாவை வையுங்கள்.

கிழக்குப் பார்த்த வாசல் தங்கம். காலை வெயில் இரவு ஈரத்தைச் சீக்கிரம் காய வைக்கும், மதியத்துக்கு மேல் நிழல் விழும்போது பூ கருகாது. மேற்குப் பார்த்த தாமான் வீடுகளில் சிமெண்டுத் தரையிலிருந்தும் காரிலிருந்தும் கிளம்பும் சூடு தொட்டியையே வேக வைத்துவிடும். அங்கே தொட்டியை ஓரடி உயரத்தில் செங்கல் மேல் வைத்து, வெளிர்நிறத் தொட்டியைப் பயன்படுத்துங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வேரை அவித்துவிடும்.

ஒளி ஊடுருவும் கூரை போட்ட கார் போர்ச் ஓரம் கரும்புள்ளிக்கு நல்ல தடுப்பு, ஏனென்றால் மழை இலையில் படாது. அதற்கு ஈடாக அங்கே செஞ்சிலந்தி என்னும் சாறுறிஞ்சும் நுண்பூச்சி வரும். வாரம் ஒருமுறை காலையில் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் அது அடங்கும். கொண்டோ பால்கனிக்கும் இதே கணக்குதான். பினாங்கில் கடலோர மாடி வீடு என்றால் உப்புக் காற்று இலை நுனியைக் கருக்கும். தடுப்புச் சுவருக்குக் கீழே, காற்று நேராக அடிக்காத மூலையில் வையுங்கள்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். வேர் அழுகுவது ஒரு காரணம், ஏடிஸ் கொசு மற்றொன்று. கொசு முட்டையிடும்படி நீர் தேங்க விடுவது 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி இங்கே குற்றம்.

படி 2: எந்த வகை தாங்கும், எது தாங்காது

ரோஜா என்பது ஒரே செடி அல்ல. மூதாதையர் எந்த நாட்டில் வளர்ந்தார்களோ, அந்த நாட்டுக் குணம் பிள்ளைகளிடம் இருக்கும்.

தாழ்நிலத்துக்கு முதல் தேர்வு பழைய சைனா ரோஜாக்களும் டீ ரோஜாக்களும்தான். தென் சீனத்தின் வெப்பமும் ஈரமும் இவற்றின் இரத்தத்தில் உண்டு. ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் பூக்கும் குணத்தை உலகத்து ரோஜாக்களுக்குக் கொடுத்ததும் சைனா ரோஜாதான். ‘ஓல்ட் பிளஷ்’ இளஞ்சிவப்பு, மென்மையான வாசம், அசைக்க முடியாத உடல்வாகு. ‘லூயி பிலிப்’ 1834இல் வந்த சிவப்பு; வெப்பமும் ஈரமும் நிறைந்த புளோரிடாவில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கிறார்கள், நம் வெயிலுக்கும் பொருந்தும். ‘மூட்டபிலிஸ்’ ஐந்தே இதழ் கொண்டது. வெளிர் மஞ்சளாக விரிந்து, இளஞ்சிவப்பாகி, கருஞ்சிவப்பில் முடியும். ஒரே செடியில் மூன்று நிறப் பூவும் ஒருசேர நிற்கும். அது ஆளுயரத்துக்கு மேல் வளரும் என்பதால் தொட்டிக்கு ஆகாது. டீ ரோஜாக்களில் 1857இல் வந்த ‘டச்செஸ் டி பிராபான்’ கிண்ணம் போன்ற இளஞ்சிவப்புப் பூ, கூடை நிறைய வாசம்.

இடம் குறைவானவர்களுக்குப் பாலியாந்தா என்னும் கொத்து ரோஜா. ‘மாரி டேலி’ மூன்றடிக்குள் அடங்கும், முள் மிகக் குறைவு, வாசம் உண்டு. சிறுபிள்ளைகள் ஓடியாடும் வீட்டுக்கு இதைவிட நல்லது இல்லை. ‘பெர்ல் டோர்’ வெளிர் ஆரஞ்சு நிறத்தில் குட்டிக் குட்டிப் பூவாகப் பூக்கும்.

பெரிய பூ வேண்டும், வாசமும் வேண்டும், நோயும் தாங்க வேண்டும் என்று கேட்பவருக்கு ‘பெலிண்டாஸ் டிரீம்’. டெக்சாஸில் ராபர்ட் பேசி உருவாக்கிய இளஞ்சிவப்பு ரோஜா. டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் பூஞ்சைமருந்தே தெளிக்காமல் வளர்த்துச் சோதித்து, ‘எர்த்-கைண்ட்’ என்ற பட்டியலில் சேர்த்த ரகங்களில் இதுவும் ஒன்று. மேலே சொன்ன ‘மூட்டபிலிஸ்’, ‘டச்செஸ் டி பிராபான்’, ‘மாரி டேலி’, ‘பெர்ல் டோர்’ நாலும் அதே பட்டியலில் உள்ளவை. ‘பெலிண்டாஸ் டிரீம்’ ரோஜாவின் ஒரே குறை, இதழ் அதிகம் என்பதால் அடைமழையில் சில மொட்டு விரியாமல் அழுகும்.

வில்லியம் ராட்லர் உருவாக்கி 2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘நாக் அவுட்’ கரும்புள்ளியைத் தாங்குவதில் பேர்போனது. வேலி ஓரம் நிறம் வேண்டும் என்றால் வையுங்கள். வாசம் எதிர்பார்க்காதீர்கள், கிட்டத்தட்ட இல்லை.

பன்னீர் ரோஜாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாமிப் படத்துக்குப் போடவும் குல்கந்து செய்யவும் தமிழர் வீடுகளில் முதலில் தேடுவது இதைத்தான். பெரும்பாலும் எட்வர்ட் ரோஜா என்ற பூர்பன் வகையே நம்மிடம் பன்னீர் ரோஜா என்று பெயர் பெற்றிருக்கிறது. அதன் பூர்வீகம் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவு. வெப்பத்தைத் தாங்கும், வெட்டுக்குச்சியில் எளிதாக வேர்விடும். இதழ் ஒரே நாளில் உதிரும் என்பதும் அடி இலையில் கொஞ்சம் புள்ளி விழும் என்பதும் அதன் குறைகள். அந்த வாசத்துக்காக இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம்.

எதை விட வேண்டும்? ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூக்கும் பழைய ஐரோப்பிய வகைகள், அதாவது காலிக்கா, சென்டிஃபோலியா, ஒருபோகப் பூ டமாஸ்க். இவை பூக்கக் குளிர்காலம் வேண்டும். இங்கே தழைத்துக்கொண்டே போகும், பூக்காது. நூறு இதழ் அடுக்கிய இங்கிலீஷ் ரோஜாக்களில் பல, புழுக்கத்தில் தலை தொங்கி, மழையில் மொட்டிலேயே அழுகும். 1843இல் வந்த ‘சுவெனிர் டி லா மால்மேசன்’ வறண்ட மாதத்தில் தேவதை, மழை மாதத்தில் நனைந்த காகித உருண்டை.

இணையத்தில் விற்கும் நீல ரோஜா விதை பக்கமே போக வேண்டாம். நீலத்துக்குரிய டெல்ஃபினிடின் நிறமியை ரோஜாவால் இயல்பாக உண்டாக்க முடியாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றி 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பூவே வெளிர் ஊதாவாகத்தான் இருக்கிறது.

படி 3: வாசத்தைச் சோதிக்கும் முறை

நர்சரிக்குக் காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் போங்கள். மதிய வெயிலில் வாசனை எண்ணெய் ஆவியாகிவிடும். முந்தின இரவு மழை பெய்திருந்தாலும் வாசம் மங்கும். முழுதாக மலர்ந்த பூவை முகராமல், மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை விரிந்த பூவைத் தேடுங்கள். அதை இரு உள்ளங்கைக்குள் குவித்து, வாயால் மெல்லச் சூடான மூச்சை ஊதி, இரண்டு நொடி விட்டு முகருங்கள். சூட்டில் எண்ணெய் எழும்பும். அப்போதும் வாசம் வரவில்லை என்றால் அந்த ரகத்துக்கு வாசம் இல்லை. "வீட்டுக்குக் கொண்டுபோய் உரம் போட்டா வாசம் வரும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். 2015இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ‘பாப்பா மெய்யான்’ என்ற வாசமுள்ள ரோஜாவை வாசமில்லாத ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரோஜா வாசத்துக்கு அடிப்படையான ஜெரானியால் உருவாக ஒரு குறிப்பிட்ட நொதி தேவை என்றும், வாசமில்லாத பூவில் அந்த நொதிக்கான மரபணு அநேகமாக வேலை செய்வதில்லை என்றும் கண்டார்கள். பிறப்பிலேயே இல்லாததை உரம் கொண்டுவராது.

பூச்செண்டுக்கென்று வளர்க்கும் ரகங்களில் வாசம் பெரும்பாலும் இருக்காது. நீண்ட காம்பும் பத்து நாள் வாடாத இதழும் வேண்டும் என்று தேர்ந்தெடுத்து வளர்த்ததில் வாசம் பின்தங்கிவிட்டது. பூக்கடை ரோஜா போல நேரான மொட்டு, கனத்த இதழ் கொண்ட செடியைப் பார்த்தால் முகர்ந்த பிறகே விலை கேளுங்கள்.

கடும் வாசத்துக்குப் புகழ்பெற்ற ‘மிஸ்டர் லிங்கன்’ (1964), ‘டபுள் டிலைட்’ (1977), ‘பாப்பா மெய்யான்’ (1963) மூன்றுமே கரும்புள்ளிக்கு எளிதில் மடங்குபவை. ஆசை விடவில்லை என்றால் ஒன்றே ஒன்றை, மழை படாத போர்ச் ஓரத்தில், தொட்டியில் வையுங்கள். திறந்த பாத்தியில் மற்றச் செடிகளுக்கு நடுவே வைத்தால் நோயைப் பெருக்கும் நாற்றங்காலாக மாறிவிடும்.

படி 4: நிறம்

மஞ்சளும் ஆரஞ்சும் ஏன் சீக்கிரம் நோயில் விழுகின்றன? அடர்மஞ்சள் நிறம் நவீன ரோஜாவுக்குள் வந்தது மேற்காசியாவின் ரோசா ஃபீடிடா என்ற காட்டு ரோஜாவிலிருந்து. பிரான்சின் பெர்னே-டூஷே அதைக் கலந்து 1900இல் ‘சோலெய் டோர்’ என்ற ரகத்தை வெளியிட்டார். வறண்ட நாட்டுச் செடியான ஃபீடிடாவுக்குக் கரும்புள்ளியை எதிர்க்கத் தெரியாது. நிறத்தோடு அந்தப் பலவீனமும் பரம்பரையாக வந்தது. ஆகவே மஞ்சள் வாங்கும்போது இரண்டு மடங்கு கவனம் வேண்டும். ‘ஜூலியா சைல்ட்’ வெண்ணெய் மஞ்சள், சோம்பு போன்ற இனிய வாசம், மஞ்சளில் ஓரளவு தாங்குவது. கடும் வெயிலில் இரண்டே நாளில் வெளுத்துவிடும் என்பதால் மதிய நிழல் கொடுங்கள்.

கருஞ்சிவப்பு இதழ் வெயிலின் சூட்டை அதிகம் வாங்கி ஓரம் கருகும். கிழக்கு வாசலில் வையுங்கள். இளஞ்சிவப்புதான் இந்த ஊருக்கு மிகவும் ஒத்துப்போகும் நிறம். வெளுத்தாலும் அழகு கெடாது, உடலும் பொதுவாக உறுதி.

மழை மாதத்தில் பூ வேண்டுமானால் இதழ் எண்ணுங்கள். ஐந்திலிருந்து இருபத்தைந்து இதழ் வரை உள்ள பூ நனைந்தாலும் உதறிக்கொண்டு விரியும். நாற்பதுக்கு மேல் போனால் வெளி இதழ் நனைந்து ஒட்டிப் பூட்டுப் போட்டுவிடும்.

படி 5: நர்சரியில் செடியைப் படிப்பது

சுங்கை பூலோ நர்சரி வரிசையாக இருந்தாலும் பசார் மாலாம் ஓரத்து லோரியாக இருந்தாலும், பல செடிகளில் ரகப் பெயர் எழுதிய சீட்டு இருக்காது. "சிவப்பு", "மஞ்சள்", "பெரிய பூ" என்பதோடு சரி. பெயர் தெரியாமலும் நல்ல செடியைப் பிடிக்கலாம்.

முதல் சூட்சுமம், வாங்கும் மாதம். எல்லோரும் வெயில் காலத்தில், எல்லாச் செடியும் பளபளக்கும்போது போகிறார்கள். நீங்கள் மழை முடியும்போது போங்கள்: கோலாலம்பூரில் டிசம்பர் தொடக்கம், பினாங்கில் நவம்பர். ரோஜாச் செடிகள் மிக மோசமாகத் தெரியும் நேரம் அதுதான். வரிசையில் எல்லாம் மொட்டையாக நிற்க, முழங்கால் உயரம் வரை அடி இலையோடு ஒன்று நிற்குமானால், தெளித்த மருந்து எல்லாவற்றுக்கும் ஒன்றே என்பதால், அந்தச் செடிக்குச் சொந்தப் பலம் இருக்கிறது. பூ இல்லாவிட்டாலும் அதை எடுத்துத் தனியே வைக்கச் சொல்லுங்கள், பூத்ததும் வாசம் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, ஓர் அடி இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கறுப்பு வட்டத்தின் விளிம்பு நூல் பிரிந்ததுபோல ஒழுங்கில்லாமல், சுற்றிலும் மஞ்சள் பரவி இருந்தால் அது கரும்புள்ளி. விளிம்பு சீரான சிறு வட்டம், நடுவில் சாம்பல் நிறம், ஓரம் செவ்வூதா என்றால் அது செர்க்கோஸ்போரா இலைப்புள்ளி. அதுவும் இலையை உதிர்க்கும், ஆனால் இளந்துளிரைப் பெரும்பாலும் விட்டுவிடும். இரண்டிலும் செடியின் மேல் பாதியில் புள்ளி ஏறியிருந்தால் வாங்காதீர்கள்.

தடித்த, எண்ணெய் பூசியதுபோல மினுங்கும் இலை நல்ல அடையாளம். மெல்லிய, மங்கலான, பெரிய இலை சீக்கிரம் விழும். இது விதி அல்ல, சாய்வு. ஆனால் பெயர் தெரியாதபோது உதவும்.

அடித்தண்டில் மூன்று கிளையாவது, பென்சில் தடிமனில், பச்சையாக இருக்க வேண்டும். ஒட்டுக் கட்டிய இடத்துக்கு மேலே கறுத்து வற்றிய கிளை இருந்தால், கிளையை நுனியிலிருந்து காய வைக்கும் நுனிக்கருகல் நோய் இறங்கிக்கொண்டிருக்கிறது. தொட்டியைச் சாய்த்துத் துளையைப் பாருங்கள். வெள்ளை வேர் நுனி நலம், பழுப்பு வேரும் புளித்த நாற்றமும் ஆகாது.

சீட்டில், புது ரோஜா ரகங்களைச் சோதித்து ஜெர்மனியில் தரும் ஏ.டி.ஆர். முத்திரை இருந்தால் மதிப்பு உண்டு. 1997 முதல் அந்தச் சோதனையில் பூச்சிமருந்தோ பூஞ்சைமருந்தோ தெளிப்பதில்லை. ஆனால் அது குளிர்நாட்டுச் சோதனை. கரும்புள்ளிப் பூஞ்சையில் பல இனங்கள் உண்டு, ஓர் ஊரில் தாங்கிய ரகம் வேறோர் ஊரில் உள்ள இனத்திடம் தோற்கலாம். பக்கத்து வீட்டு வேலியில் மூன்று ஆண்டாக மருந்தில்லாமல் பூக்கும் செடிதான் எந்த முத்திரையையும்விட நம்பத்தக்க சான்று. வெட்கப்படாமல் ஒரு குச்சி கேளுங்கள்.

படி 6: வீட்டுக்கு வந்த முதல் மாதம்

புதுச் செடியை இரண்டு வாரம் மற்ற ரோஜாக்களிடமிருந்து தள்ளி வையுங்கள். பூவையும் மொட்டையும் வெட்டிவிடுங்கள். மனம் வராது, ஆனால் வேர் பிடிக்க அந்தச் சத்து தேவை. புள்ளி விழுந்த இலைகளைப் பறித்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். முதல் பத்து நாள் காலை வெயில் மட்டும், பிறகு முழு வெயில்.

தொட்டி 14 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 16 அங்குலம் நல்லது. மண் கலவை: சுட்ட மண் 4 பங்கு, மக்கிய எரு அல்லது கம்போஸ்ட் 3 பங்கு, தேங்காய்நார்த் தூள் 2 பங்கு, உமிக்கரி 2 பங்கு. நார்த்தூளை மட்டும் கூட்டினால் மழைக்காலத்தில் தொட்டி சேறாகிவிடும்.

தரையில் வைப்பதானால் நம் செம்மண் களிமண்ணாகவும் புளிப்பாகவும் இருக்கும். ரோஜாவுக்கு அமிலகாரச் சுட்டெண் (pH) 6க்கும் 6.5க்கும் இடையில் வேண்டும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி, அதே ஆழம். எடுத்த மண்ணோடு மக்கிய கோழி எரு 2 கிலோ, டோலமைட் சுண்ணாம்பு 100 கிராம் கலந்து இரண்டு வாரம் ஆறவிடுங்கள். பச்சைக் கோழி எரு வேரைச் சுட்டுவிடும். பாத்தியைத் தரைமட்டத்திலிருந்து ஓரடி உயர்த்துங்கள். அடைமழையில் வேர் மூழ்கிய செடி தண்ணீருக்குள்ளேயே வாடும். செடிக்குச் செடி மூன்றடி இடைவெளி. நெருக்கி வைத்தால் காற்று புகாது, இலை காயாது. ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் நிற்கட்டும். அதைப் புதைக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் பனி விழும் நாட்டுக்காக எழுதியவை.

மேலே இரண்டு அங்குலம் காய்ந்த இலையோ தேங்காய் மட்டைத் துண்டோ பரப்புங்கள், தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள். மழைத்துளி மண்ணை அடித்துத் தெறிக்காமல் தடுக்கும் இந்த மூடாக்கு கரும்புள்ளிக்கு எதிராக நல்ல வேலை செய்யும்.

படி 7: தண்ணீர், உரம், கவாத்து

காலையில், அடியில் மட்டும் ஊற்றுங்கள். வறண்ட நாளில் 16 அங்குலத் தொட்டிக்கு 2 லிட்டர். விரலை இரண்டு அங்குலம் நுழைத்து ஈரமாக இருந்தால் அன்று வேண்டாம்.

மழை சத்தை அரித்துக்கொண்டு போவதால் உரத்தைக் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். 12:12:17:2 (தழை, மணி, சாம்பல், மெக்னீசியச் சத்துகளின் அளவு) என்று பையில் எழுதிய குருணை உரம் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி. இடையில் மாதம் ஒரு கைப்பிடி மக்கிய எரு. தழைச்சத்து மட்டும் அதிகமான உரம் போட்டால் இலை பெரிதாகி மெலிந்து, பூஞ்சைக்கும் பேனுக்கும் விருந்தாகும்.

குளிர்காலம் இல்லாததால் இங்கே பெரிய கவாத்து வேண்டாம். ஒவ்வொரு பூவும் உதிர்ந்ததும், காம்பில் இறங்கிவந்து வெளிப்பக்கம் பார்த்த, முழுதான ஐந்து சிற்றிலை கொண்ட முதல் இலைக்கு அரை சென்டிமீட்டர் மேலே சாய்வாக வெட்டுங்கள். அந்த இலைக்கக்கத்தில் சிவந்த புள்ளிபோல ஒரு கண் இருக்கும். அடுத்த பூ அதிலிருந்துதான். ஆண்டுக்கு ஒருமுறை, வறண்ட மாதத்தில், செடியின் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, நடுவில் உரசும் கிளைகளை எடுத்தால் போதும். பாதிக்கு மேல் வெட்டினால் சைனா, டீ ரோஜாக்கள் மீள மாதக்கணக்காகும். வெட்டும் நாளில் மழை வேண்டாம். ஈரக்காயம் வழியாகத்தான் நுனிக்கருகல் நுழைகிறது. கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் இடையே 70 விழுக்காடு ஆல்கஹாலில் துடையுங்கள்.

என்ன தவறுகிறது, ஏன்

இளந்துளிர் சுருண்டு, மொட்டின் ஓரம் பழுப்பாகி விரியாமல் நின்றால் இலைப்பேன். மொட்டை வெள்ளைத் தாளில் தட்டுங்கள். ஊசிமுனைப் பூச்சி ஓடும். அந்த மொட்டுகளை வெட்டி எறிந்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில துளி சோப்போடு கலக்கி, வெயில் தாழ்ந்த, மழை இல்லாத நாளில் தெளியுங்கள்.

புள்ளியே இல்லாமல் அடி இலை மஞ்சளானால் வேரில் தண்ணீர் தேங்குகிறது அல்லது தழைச்சத்துப் போதவில்லை. இளம் இலையில் நரம்பு பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாக இருந்தால் இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியவில்லை. பெரும்பாலும் சுண்ணாம்பு அதிகமாகிவிட்டது. இலை செழித்தும் பூ இல்லை என்றால் வெயில் போதவில்லை.

கிளை நுனி கறுத்து இறங்கினால், உள் தண்டு வெள்ளையாகத் தெரியும் இடத்துக்கும் ஓர் அங்குலம் கீழே வெட்டுங்கள்.

ஏழு சிற்றிலை உள்ள கிளை எல்லாம் காட்டுக்கிளை, அதாவது ஒட்டுக்கு அடியில் உள்ள வேர்ச்செடியின் கிளை, என்று வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. தவறு. நல்ல ரகங்கள் பலவற்றிலும் ஏழு சிற்றிலை வரும். மண்ணை விலக்கிப் பாருங்கள்: ஒட்டு முடிச்சுக்குக் கீழிருந்து கிளம்பினால் மட்டுமே காட்டுக்கிளை. அதை வெட்டாமல் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்தெடுங்கள். வெட்டினால் மறுபடி முளைக்கும்.

கரும்புள்ளி வந்துவிட்டால் வாரம் ஒருமுறை புள்ளி விழுந்த இலைகளையும் தரையில் கிடப்பவற்றையும் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். தாமிரப் பூஞ்சைமருந்து மழைக்கு முன் தெளித்தால் புது இலையைக் காக்கும், விழுந்த புள்ளியை அழிக்காது. லேபிளில் உள்ள அளவுக்கு மேல் போகாதீர்கள். மருந்து தெளித்த செடியின் இதழைக் குல்கந்துக்கு எடுக்கவே கூடாது. இவ்வளவு செய்தும் ஒரு செடி ஒவ்வொரு மழையிலும் மொட்டையானால் அதைப் பிடுங்கிவிடுங்கள். மற்ற நாலு செடிக்கும் நோய் கொடுப்பது அதுதான்.

தீபாவளிக்குப் பூ வேண்டுமென்றால்

இந்த வெப்பத்தில் வெட்டிய கண் துளிர்த்துப் பூக்க ஏறக்குறைய 40 முதல் 45 நாள். தீபாவளியிலிருந்து 45 நாள் பின்னோக்கி எண்ணி, அந்த வாரத்தில் பாதிக் கிளைகளை மேலே சொன்ன ஐந்து சிற்றிலைக் கணக்கில் வெட்டுங்கள். மீதிப் பாதியை ஐந்து நாள் கழித்து வெட்டுங்கள். வானிலை முன்பின் ஆனாலும் ஒரு பகுதியாவது அன்றைக்கு விரியும். வெட்டிய மறுநாள் உரம், இரண்டு வாரத்தில் இன்னொரு முறை. தீபாவளி வருவது மழை மாதத்தில் என்பதால் இதழ் குறைந்த ரகங்களை நம்புங்கள். அடுக்கு ரோஜாவாக இருந்தால் மொட்டு நிறம் காட்டியதும் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்திவிடுங்கள். தைப்பூசத்துக்கும் இதே எண்ணிக்கைதான், அப்போது மழைக் கவலை குறைவு.

வெட்டிய கிளைகளை எறியாதீர்கள். பூ உதிர்ந்த, பென்சில் தடிமன் உள்ள தண்டில் மூன்று நாலு கணு விட்டு ஆறங்குல நீளத்துக்கு நறுக்கி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி மணலும் உமிக்கரியும் சரிபாதி கலந்த சட்டியில் ஊன்றுங்கள். நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஐந்தாறு வாரத்தில் வேர்விடும். சைனா ரோஜாவும் பன்னீர் ரோஜாவும் பத்துக்கு ஆறேழு பிழைக்கும். ஒட்டில்லாத சொந்த வேர்ச் செடி என்பதால் காட்டுக்கிளைத் தொல்லையும் இதில் இல்லை.